மருந்துச் சீட்டின் பின்பக்கம்

எங்கள் வளவில் மூன்றாவது வீட்டு அக்கா போன மாதம் ஒரு மருந்துச் சீட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். முன்பக்கம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள். பின்பக்கம் மருத்துவர், படிக்கக்கூடிய கையெழுத்தில் (அதுவே ஓர் அதிசயம்), ஆறு அறிவுரைகளை எழுதியிருந்தார். தண்ணீர் நிறையக் குடிக்கவும். நேரத்துக்குச் சாப்பிடவும், சோற்றைக் குறைத்துக் காய்கறி, பயறு சேர்க்கவும். நன்றாகத் தூங்கவும். அதிக நேரம் நிற்க வேண்டாம். தினமும் அரை மணி நேரம் நடக்கவும். பதினைந்து நாள் கழித்து மீண்டும் வரவும்.

"நல்ல டாக்டர், தம்பி. எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். இதில் எதை நான் செய்ய முடியும் என்று மட்டும் நீ பார்த்துச் சொல்" என்றார் அக்கா.

அக்காவுக்கு 46 வயது. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறார். 'வேலை பார்க்கிறார்' என்று எழுத வந்து 'நிற்கிறார்' என்று எழுதிவிட்டேன், அதுதான் பொருத்தம். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை. அவருடைய கணவர் கீழமாரட் வீதியில் வெங்காய மூட்டை தூக்குகிறார். செல்லூரில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை, அதில் நான்கு பேர்.

பொதுச் சுகாதாரத்தில் 'நலத்தின் சமூகக் காரணிகள்' என்று ஒரு கருத்து உண்டு. பெயர் கொஞ்சம் மிரட்டும். விஷயம் அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. ஒருவர் எங்கே பிறக்கிறார், எப்படி வளர்கிறார், எந்த வீட்டில் வாழ்கிறார், என்ன வேலை செய்கிறார், எப்படி முதுமை அடைகிறார் என்ற சூழ்நிலைகள்தாம் அவருக்கு எந்த நோய் எப்போது வரும் என்பதில் பெரும்பங்கு வகிக்கின்றன என்பது அந்தக் கருத்து. உலக சுகாதார நிறுவனம் 2005-ல் இதற்கென ஓர் ஆணையம் அமைத்தது. பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மட் அதன் தலைவர். 2008-ல் வெளிவந்த அறிக்கையில் ஒரு கணக்கு வருகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கால்டன் என்ற ஏழ்மையான பகுதியில் ஆண்களின் சராசரி ஆயுள் 54 ஆண்டுகள். அங்கிருந்து சில மைல் தொலைவில், வசதியான லென்சியில் 82. இரண்டு இடத்துக்கும் ஒரே அரசு, ஒரே இலவச மருத்துவச் சேவை. அப்படியிருந்தும் 28 ஆண்டுகள் வித்தியாசம்.

மதுரைக்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு வசதி இருக்கிறது. 1991-ல் கோரான் டால்கிரன், மார்கரெட் வைட்ஹெட் என்ற இருவர் ஒரு படம் வரைந்தார்கள். நடுவில் மனிதர், அவரைச் சுற்றி அடுக்கடுக்காக அரைவட்டங்கள். அந்த அரைவட்டங்களைச் சதுரமாக்கிவிட்டால் நம் ஊர் வரைபடம் கிடைத்துவிடும். கோயில் இருக்கும் இடத்தில் மனிதரை வையுங்கள்: அவருடைய வயது, பாலினம், பரம்பரையாக வந்த உடல்வாகு. அதைச் சுற்றிச் சித்திரை வீதி: அவருடைய பழக்கவழக்கங்கள், அதாவது சாப்பாடு, நடை, புகை, மது. அடுத்து ஆவணி மூல வீதி: உறவு, அக்கம்பக்கம், அவசரத்துக்குக் கைமாற்று கொடுப்பவர்கள். அதற்கும் வெளியே மாசி வீதி: வீடு, தண்ணீர், கழிப்பறை, வேலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை. கடைசியில் வெளி வீதி: நாட்டின் பொருளாதாரம், சட்டங்கள், சாதி, ஆண் பெண் என்று நாம் வகுத்து வைத்திருக்கும் வரிசை.

மருத்துவர் எழுதிய ஆறு வரிகளும் சித்திரை வீதிக்குரியவை. அக்காவின் தேர் நகராமல் நிற்பதோ மாசி வீதியில்.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம். காலையில் ஒரு டம்ளர் காபிக்குப் பிறகு அக்கா மதியம் வரை எதையும் குடிப்பதில்லை. தாகம் இல்லாமல் இல்லை. கடையில் பெண் ஊழியர்களுக்கான கழிப்பறை நான்காவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். போவதற்கு மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் அதைக் கேட்கவே வாய் வராது. ஆகவே குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். விளைவு, வருடத்துக்கு மூன்று தடவையாவது நீர்க்கடுப்பு. ஒவ்வொரு தடவையும் மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் இரண்டு நாள் மாத்திரை. வலி குறைந்ததும் நிறுத்தம். இப்படி அரைகுறையாகச் சாப்பிடும் மருந்துக்குக் கிருமிகள் பழகிக்கொள்ளும், அடுத்த முறை அதே மாத்திரை வேலை செய்யாமல் போகலாம்.

சிறுநீர்த் தொற்று பாக்டீரியாவால் வருவது என்று பாடப் புத்தகம் சொல்லும். சரிதான். தண்ணீர் குறைந்து, சிறுநீரை மணிக்கணக்கில் அடக்கினால் அந்தப் பாக்டீரியா தங்கிப் பெருகும். சர்க்கரை இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ஆனால் அதற்கு இடம் கொடுத்தது எது என்று ஒரு படி மேலே போய்க் கேட்டால் பதில் நான்காவது மாடி. இப்படி ஒரு படி மேலே போய்க் கேட்பதைத்தான் இந்தத் துறையில் 'காரணங்களின் காரணத்தைத் தேடுவது' என்கிறார்கள். இந்த ஒரு பழக்கம் கைவந்துவிட்டால் இந்தக் கருத்தின் பாதி புரிந்த மாதிரி.

வீட்டுத் தண்ணீருக்கு இன்னொரு கதை. எங்கள் பக்கம் குழாயில் தினமும் தண்ணீர் வராது. வரும் நாளில் பிளாஸ்டிக் டிரம், சிமெண்ட் தொட்டி, குடம், வாளி எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. அது தேடுவது இப்படிப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரைத்தான். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உள்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிந்து, பத்து நாளுக்குள் பறக்கத் தொடங்கிவிடும். டிரம்மைக் காலி செய்தால் போதாது, உள்பக்கம் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று சொல்வது இதனால்தான். சாக்கடையில் பெருகுவது வேறு கொசு, க்யூலெக்ஸ். யானைக்கால் நோய் அதன் கணக்கு. பந்தல்குடிக் கால்வாயை ஒட்டிக் குடியிருக்கும் எங்களுக்கு இரண்டும் உண்டு. வீட்டுக்குள் ஒன்று, வாசலில் ஒன்று.

கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வாரம் ஒருமுறை வந்து டிரம்மில் டார்ச் அடித்துப் பார்த்து, மருந்து ஊற்றி, "மூடி வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் வேலையைக் குறை சொல்ல மாட்டேன். வெயிலில் வீடு வீடாக அலைகிறார்கள். ஆனால் டிரம் ஏன் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நாள் முழுவதும் குழாயில் தண்ணீர் வந்தால் எந்த வீட்டிலும் ஆறு டிரம் நிற்காது. வசதியான கே.கே.நகரில் இதே தண்ணீர் தரைக்கடித் தொட்டியில் விழுந்து மோட்டார் வழியாக மூடிய மாடித் தொட்டிக்கு ஏறிவிடுகிறது. அங்கும் பூந்தொட்டித் தட்டிலும் குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத் தட்டிலும் ஏடிஸ் வளரும்; கொசுவுக்குச் சொத்து வரி ரசீது தேவையில்லை. என்றாலும் தேங்கும் இடங்களின் எண்ணிக்கையே வேறு.

அடுத்து, தூக்கம். இந்த வரியைப் படித்தபோது அக்கா சிரித்தே விட்டார். சித்திரை, வைகாசியில் சிமெண்ட் ஷீட் பகல் முழுவதும் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் கக்கும். ஷீட்டுக்கு அடியில் ஒரு அடுப்பு, ஒரு விசிறி, நான்கு உடல்கள். காற்றாடி சுழல்வது சூட்டைக் கலக்கத்தான். ஆண்கள் வாசலிலும் மொட்டை மாடியிலும் படுத்துக்கொள்வார்கள். அக்காவாலும் பதினாறு வயது மகளாலும் அது முடியாது. ஒரே கூரை, ஒரே வெயில், ஆனால் சூடு கூடப் பெண்ணுக்கு ஒரு பங்கு அதிகம். தூக்கம் தொடர்ந்து குறைந்தால் ரத்த அழுத்தம் ஏறும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது, மறுநாள் பசி அதிகமாகும். சீட்டின் முன்பக்கத்தில் எழுதிய மாத்திரையும் இரவில் கூரை கக்கும் சூடும் ஒரே உடம்புக்குள் எதிரெதிராக இழுக்கின்றன.

நெருக்கமான வீடு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது காசநோய். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கருத்தைக் காசநோயைப் போலத் தெளிவாகக் காட்டும் நோய் வேறில்லை.

காசநோய்க் கிருமி காற்றில் பரவுகிறது. இருமுபவர் இருக்கும் அறையில் சன்னல் இருந்து காற்று ஓடினால் கிருமி நீர்த்துப்போகும். சன்னலே இல்லாத அறையில் தங்கும். எங்கள் வளவில் சன்னல் வைத்தால் அது அடுத்த வீட்டுச் சுவரைப் பார்க்கும், ஆகவே யாரும் வைக்கவில்லை. ஆனால் கிருமி உடம்புக்குள் போனவர்கள் எல்லோரும் நோயாளி ஆவதில்லை. நூறு பேருக்குத் தொற்றினால் வாழ்நாளில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் நோயாக மாறும். அந்தச் சிலர் யார்? சாப்பாடு போதாமல் மெலிந்தவர்கள், சர்க்கரை நோயாளிகள், புகைப்பவர்கள், குடிப்பவர்கள், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள், கல்தூசியை மூச்சில் இழுத்தவர்கள். கடைசி வீட்டுத் தாத்தா மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரியில் இருபது வருடம் கல் துளைத்தவர். கிரானைட் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்து தழும்பாக்கிவிடும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நோய்க்குக் குணமில்லை. அது வந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பிடிக்கும். தாத்தாவுக்கு முதலில் வந்தது வேலை, இரண்டாவது தூசி, மூன்றாவதுதான் கிருமி.

இங்கிலாந்தில் காசநோய்ச் சாவுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குறையத் தொடங்கின. காசநோயைக் குணப்படுத்திய முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1940-களில்தான் வந்தது. மருந்து வருவதற்கு முன் குறைத்தது எது? சாப்பாடா, வீடா, நோயாளிகளைத் தனியே வைத்ததா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். சாப்பாட்டின் பங்குக்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று கிடைத்துவிட்டது. ஜார்கண்டில் காசநோயாளிகளின் வீட்டில் இருப்பவர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2023-ல் முடிவு வெளியானது. ஒரு பிரிவுக் குடும்பங்களில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பை. இன்னொரு பிரிவில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. வீட்டார் எல்லோரும் சாப்பிட்ட பிரிவில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்து போல வேலை செய்தன.

காசநோயாளிகளுக்கு மத்திய அரசு 2018-லிருந்து மாதம் 500 ரூபாய் சத்துணவுக்காகத் தருகிறது. 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாய் ஆக்கினார்கள். தமிழ்நாடு 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டறிந்த உடனே எடை, மூச்சு, நடமாட்டம் மூன்றையும் பார்த்து, மிகவும் மெலிந்தவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். நோயாளியை எடைத் தராசில் ஏற்றுவது சின்ன விஷயமாகத் தெரியும். கிருமியை மட்டும் பார்க்காமல் ஆளையும் பார்ப்பது என்பது அங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் ஒருதலையாக எழுதியவன் ஆவேன். 1956-ல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. காசநோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்தில் ஓய்வு, நல்ல சாப்பாட்டோடு சிகிச்சை. இன்னொரு பகுதியினருக்கு அவரவர் நெருக்கடியான வீட்டிலேயே அதே மருந்து. முடிவு ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் இருந்தவர்களும் குணமானார்கள். உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். ஆக, வீடு சரியில்லை என்பதற்காக மருந்து தோற்றுவிடாது. நோய் வந்தபின் மருந்து பலமானது. நோய் யாருக்கு வரும் என்பதைத்தான் வீடும் சோறும் முடிவு செய்கின்றன. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர். ஒரு கூட்டம் 'எல்லாம் மருந்தில் இருக்கிறது' என்கிறது, இன்னொரு கூட்டம் 'எல்லாம் வறுமை' என்கிறது. இரண்டுமே பாதிதான்.

இதே பிளவை நம் மாநிலத்தின் கணக்கிலும் பார்க்கலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. இது சாதாரணச் சாதனை இல்லை. அதே ஆய்வில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மருத்துவமனை வாசல்வரை எல்லோரையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். வீட்டுத் தட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவரை மட்டும் இன்னும் தொடவில்லை. அக்காவும் கடைசியாகத்தான் சாப்பிடுகிறார். ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, கீரையும் பயறும் காசு கொடுத்து வாங்க வேண்டும். 'சோற்றைக் குறைக்கவும்' என்ற வரிக்கு அவருடைய பதில்: "குறைத்துவிட்டு எதைத் தின்பது?" குழந்தைகள் விஷயத்தில் ஒரு படி ஏறியிருக்கிறோம். அரசுப் பள்ளிக் காலைச் சிற்றுண்டித் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் தொடங்கியது. அக்காவின் பையனுக்கு அதில் ஒரு வேளை போகிறது.

இனி நிற்பதற்கு வருவோம். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றால் கால் ரத்தம் மேலே ஏறத் திணறும். சிரைகளின் வால்வுகள் தளர்ந்து, கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும். இரவில் வலி, வீக்கம், நாளாவட்டத்தில் ஆறாத புண். 'தினமும் அரை மணி நேரம் நடக்கவும்' என்ற வரியைக் கடை மூடி வீடு திரும்பும் ஒருத்தியிடம் இரவு பத்தேகாலுக்குச் சொல்லிப் பாருங்கள்.

கடைசி வரியோ எல்லாவற்றையும்விடக் கடினம். மறுபடி டாக்டரிடம் போனால் ஒரு நாள் சம்பளம் போகும். மருத்துவம் இலவசம், நேரம் இலவசமில்லை. இதற்கு நம் நாட்டில் பழைய தீர்வு ஒன்று உண்டு. 1948-ம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த ஊழியர் அரசுக் காப்பீடு, அதாவது ஈ.எஸ்.ஐ. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இது பொருந்தும். தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். தத்தனேரியில் அதற்கென்றே மருத்துவமனை இருக்கிறது. செல்லூரிலிருந்து கூப்பிடு தூரம். அக்காவுக்கு ஈ.எஸ்.ஐ. எண் இல்லை. கடைப் பதிவேட்டில் அவர் பெயர் வேறு ஏதோ கணக்கில் இருக்கிறது. பதினொரு வருடமாக 'தற்காலிகம்'. வேலை இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவில் இப்படி ஒரு பெரிய பரப்பு இருக்கிறது. நம் நகரங்களில் பெரும்பாலோர் அங்கேதான் நிற்கிறார்கள்.

ஒரு காலத்தில் மதுரையில் இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. ஹார்வி மில் தன் தொழிலாளர்களுக்குத் திருப்பரங்குன்றம் பக்கம் ஹார்விப்பட்டி என்ற குடியிருப்பையே எழுப்பியது. மில் வாழ்க்கை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பஞ்சுத் தூசியும் இரைச்சலும் ஷிப்டும் உடம்பை அரித்தவைதான். ஆனால் நிரந்தர வேலை, திட்டமிட்ட தெரு, சொந்தமாகும் வீடு மூன்றும் ஒன்றாகக் கிடைத்தால் அடுத்த தலைமுறை எங்கே போய் நிற்கும் என்று அங்கே போய்ப் பார்க்கலாம்.

வீட்டைத் தனியாகவும் வேலையைத் தனியாகவும் பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1970-ல் தொடங்கி, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய குடிசை மாற்று வாரியம், ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் இருந்தவர்களை ராஜாக்கூர் போன்ற புறநகர் அடுக்குமாடிகளுக்கு அனுப்பியது. கான்கிரீட் கூரை, தனிக் கழிப்பறை. வெள்ளத்தில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. இவை பெரிய லாபங்கள். ஆனால் அண்ணா நகரில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்தவருக்கு அங்கிருந்து பஸ்ஸில் வந்து போனால் இரண்டு வீடுதான் முடியும். ஆவணி மூல வீதியும் அறுந்துபோகிறது: குழந்தையைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டுப் பாட்டி, கடன் சொன்ன மளிகைக் கடை, ராத்திரி காய்ச்சல் என்றால் ஆட்டோ எடுத்த தம்பி. 2021-ல் வந்த பெண்களுக்கான கட்டணமில்லா நகரப் பேருந்தைப் போக்குவரத்துத் துறையின் திட்டம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதைச் சுகாதாரத் துறையின் கணக்கிலும் எழுதலாம் என்பேன்.

வேலைகளிலேயே கடைசிப் படி ஒன்று இருக்கிறது. 2022 ஏப்ரலில் பழங்காநத்தம் பகுதியில் கழிவுநீர் உந்து நிலையத் தொட்டியில் மூன்று தொழிலாளர்கள் நச்சு வாயு தாக்கி இறந்தார்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதர்களைக் கழிவுக்குள் இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தத் தொட்டிகளில் இறங்குபவர்கள் பெரும்பாலும் எந்தச் சாதிகளிலிருந்து வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் மரணச் சான்றிதழில் எழுத மாட்டார்கள்.

ஏழைக்கு நோய், பணக்காரருக்கு நலம் என்று இரண்டு பெட்டியாக இதைப் புரிந்துகொள்வது எளிது. அது சரியில்லை. இது படிக்கட்டு. லண்டனில் 1967-ல் அரசு அலுவலகங்களில் வேலை செய்த பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை ஆராயத் தொடங்கினார்கள். பட்டினி கிடப்பவர் யாரும் இல்லை. எல்லோரும் நிரந்தர ஊழியர்கள். ஆனால் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர் அதிகாரிகளைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நடுவில் இருந்தவர்களோ சரியாக நடுவில். புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் பெரும் பகுதி வித்தியாசம் மிஞ்சியது. 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வு ஒரு விடை தந்தது: தன் வேலை மீது தனக்குப் பிடி இல்லாதவர்களுக்கு மாரடைப்பு அதிகம். எப்போது உட்காரலாம், எப்போது எழுந்து போகலாம் என்பதைக்கூட வேறொருவர் முடிவு செய்தால், உடம்பு எந்நேரமும் விறைத்தபடி இருக்கிறது. அந்த விறைப்பு வருடக்கணக்கில் இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் தேய்க்கிறது. லண்டன் குமாஸ்தாவைப் பற்றிய இந்த வரியைப் படித்தபோது எனக்கு நான்காவது மாடிக் கழிப்பறைதான் ஞாபகம் வந்தது.

இந்த இடத்தில் என் நண்பர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அப்படியானால் குடித்துக் கெடுகிறவனுக்கும் சமூகம்தான் காரணமா?" அக்காவின் கணவர் இரவு குடிக்கிறார்தான். அறுபது கிலோ மூட்டையைப் பகல் முழுவதும் முதுகில் சுமந்த ஆளுக்கு வலி மாத்திரையைவிட அது பக்கத்தில் கிடைக்கிறது. அவர் குடிக்காமல் இருக்கலாம்; மூட்டை தூக்கும் எல்லோரும் குடிப்பதில்லை. தனி மனிதரின் பொறுப்பை இந்தக் கருத்து மறுக்கவில்லை. ஒருவர் ஏன் குடிக்கிறார் என்பதற்கு அவர் பதில் சொல்லட்டும். ஒரு தெருவில் ஏன் பாதிப் பேர் குடிக்கிறார்கள், அடுத்த தெருவில் ஏன் இல்லை என்ற கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியாது. அது ஊர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

ஊர் என்றால் மருத்துவமனை மட்டுமில்லை. தோப்பூரில் எய்ம்ஸ் எப்போது முழுமையாக எழும் என்று 2019-லிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒற்றைச் செங்கல்லை வைத்துத் தேர்தல் பிரச்சாரமே நடந்தது. கேட்க வேண்டியதுதான். 1976-ல் 11 படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை எத்தனை பேருக்குப் பார்வையையும், பார்வையோடு வேலையையும் திருப்பித் தந்தது என்று பார்த்த ஊர் இது. ஆனால் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதற்கு இதே வேகத்தில் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. அக்கா தினமும் கடக்கும் விளக்குத்தூண் யார் நினைவாக நிற்கிறது? 1840-களில் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, நெரிசலில் கிடந்த மதுரையை விரித்த கலெக்டர் பிளாக்பர்னுக்கு. வெளி வீதியும் மாரட் வீதியும் அப்படி வந்தவைதாம். அவர் மருத்துவர் இல்லை.

கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர்களுக்கு இருக்கை வைக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கேரளம் 2018-லேயே செய்தது. மதுரை ஜவுளிக் கடைகளில் நிற்கும் ஆயிரக்கணக்கான கால்களுக்கு எந்த மாத்திரையும் செய்ய முடியாததை ஒரு பக்கச் சட்டம் செய்யலாம். அக்காவிடம், "உங்கள் கடையில் நாற்காலி போட்டிருக்கிறார்களா?" என்று கேட்டேன்.

"போட்டிருக்கிறார்கள் தம்பி. சேலைப் பிரிவுக்கு இரண்டு ஸ்டூல்."

"உட்காருவீர்களா?"

"அதன் மேல் இப்போது அட்டைப் பெட்டி அடுக்கியிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு, சீட்டை மடித்து மணிபர்சில் வைத்துக்கொண்டார்.